உல்லாஸ்கர் தத்: அந்தமானிலிருந்து கீழ்ப்பாக்கம் வந்தவர்

நம் இதழில் மறைந்த கணவரைப் பற்றி மனைவி எழுதும் நினைவுக் கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. அவருடைய உத்தியோகம், சங்கீத ஞானம், குடும்பத்தாரிடம் வைத்திருந்த வாத்ஸல்யம் எல்லாம் அவற்றில் இருக்கும். நானும் ஒரு கணவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் என் ஆத்துக்காரர் இல்லை. நம்மில் சஷ்டியப்தபூர்த்தி நடக்கும் வயதையும் தாண்டி, முதல் தடவையாகக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு வங்காளப் புரட்சிக்காரர். பெயர் உல்லாஸ்கர் தத்.

என் கணவரின் மத்திய அரசு உத்தியோகம் காரணமாக அந்தமானில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சில வருடங்கள் குடியிருந்தோம். ஊரிலிருந்து எல்.டி.சி.யில் வரும் உறவினர்களுக்கு செல்லுலார் ஜெயிலைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. எல்லோரும் முதலில் கேட்பது சாவர்க்கர் இருந்த அறையைத்தான். அங்கே நடுக்கோபுரத்தில், கைதிகளின் பெயர்களை மாகாண வாரியாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். வங்காளப் பட்டியல் மிக நீளம். அதில் உள்ள உல்லாஸ்கரின் பெயரைப் படித்துவிட்டுப் பலரும் நகர்ந்து விடுவார்கள். அவர் நம் சென்னையில் ஏழு வருடங்கள் இருந்தவர் என்று நான் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். எங்கே என்று கேட்டு, பதில் வந்ததும் பேச்சை மாற்றி விடுவார்கள்.

உல்லாஸ்கர் 1885ஆம் வருடம், இன்றைய பங்களாதேஷில் உள்ள காலிகச்சா கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் த்விஜதாஸ் தத், லண்டனில் விவசாயம் படித்துவிட்டு வந்து, ஷிப்பூர் இன்ஜினியரிங் கல்லூரியில் பணிபுரிந்த பிரம்ம சமாஜி. பிள்ளை பெயருக்கு ஏற்றபடி உல்லாசமானவர். நன்றாகப் பாடுவார்; பிறரைப் போலப் பேசி நடித்துக் காட்டுவதிலும் கெட்டிக்காரர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் வங்காளிகளை இழிவாகப் பேசியதால் அவரை அடித்துவிட்டார். படிப்பு அத்தோடு போயிற்று.

ஆனால் ரசாயனத்தில் இருந்த ஆசை போகவில்லை. தகப்பனார் வீட்டிலேயே வெடிமருந்து பற்றிப் பரிசோதனைகள் செய்து, அரவிந்தரின் தம்பி பாரீந்திர குமார் கோஷ் நடத்திய குழுவில் சேர்ந்தார். 1908ஆம் வருட ஆரம்பத்தில் தேவ்கர் அருகே ஒரு குன்றில் குண்டைச் சோதித்தபோது, பிரபுல்ல சக்கரவர்த்தி என்ற தோழர் அங்கேயே இறந்தார். உல்லாஸ்கருக்கும் காயம். அதே வருடம் ஏப்ரல் 30ஆம் தேதி முஸாஃபர்பூரில், நீதிபதி கிங்ஸ்ஃபோர்டுக்குக் குறி வைத்து வீசிய குண்டில் சம்பந்தமே இல்லாத இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் உயிரிழந்தார்கள். அந்த வழியை நான் நியாயப்படுத்த வரவில்லை. உல்லாஸ்கர் மே 2ஆம் தேதி கைதானார். 1909 மே மாதம் பாரீந்திரருக்கும் அவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அலிப்பூர் கோர்ட்டில் அவர் தாகூர் பாட்டைப் பாட, அங்கிருந்தவர்கள் மெய்ம்மறந்து கேட்டார்கள் என்பது அந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் விடாமல் சொல்லும் செய்தி. மேல் முறையீட்டில் தூக்கு, ஆயுள் தண்டனையாக மாறி, அவரை அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள்.

வ.உ.சி. கோயம்புத்தூரில் செக்கிழுத்தது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தமானிலும் அதே செக்கு. நாள் ஒன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு உல்லாஸ்கரை வெளியே செங்கல் சூளை வேலைக்கு அனுப்பினார்கள். கொளுத்தும் வெயிலில் அந்த வேலை உடம்புக்குத் தாங்கவில்லை. இனி செய்ய மாட்டேன் என்று மறுத்தார். தண்டனையாக, கையில் விலங்கு பூட்டிச் சுவரோடு நிற்க வைத்தார்கள். இது 1912 ஜூன் மாதம். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் இந்து பூஷண் ராய் என்ற இளைஞர் அதே ஜெயிலில் தூக்கு மாட்டிக்கொண்டு இறந்திருந்தார். கடும் ஜுரத்தில் நின்ற உல்லாஸ்கருக்குச் சித்தம் கலங்கிப் போயிற்று. அதற்கு வைத்தியம் என்று பேட்டரியால் மின்சாரம் பாய்ச்சினார்கள். ஹாடோவில் இருந்த மனநோய் விடுதிக்கு மாற்றினார்கள். தகப்பனார் சர்க்காருக்கு எழுதி விசாரித்தபோது, மலேரியாதான் காரணம் என்று பதில் வந்தது. கல்கத்தா பத்திரிகைகள் இந்த விஷயத்தை விடவில்லை. இப்படி எழுந்த எதிர்ப்பினால், 1914ஆம் வருடம் பல அரசியல் கைதிகளைத் தாய்நாட்டு ஜெயில்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

உல்லாஸ்கர் அதற்கு முன்பே, 1913ஆம் வருடம், சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கி வந்த அரசு மனநோய் மருத்துவமனைதான் 1920 வரை அவர் இருப்பிடம். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது, வெடிகுண்டு செய்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற இவர் இதே ஊரில்தான் அடைபட்டுக் கிடந்தார்.

கீழ்ப்பாக்கம் என்ற பெயரை நாம் எப்படி உபயோகிக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாராவது தாறுமாறாகப் பேசினால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்று கேலி செய்கிறோம். என் சிறு வயதில் எங்கள் சித்தப்பா ஒருவர் அங்கே ஆறு மாதம் இருந்தார். வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற பெண்கள் இருந்ததால், வடக்கே உத்தியோகம் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்கள். குணமாகித் திரும்பிய பிறகும் ஒரு விசேஷத்திலும் அவரை முன்னால் உட்கார வைத்ததில்லை. வியாதியை விட அதுதான் அவரை அதிகம் வாட்டியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

உல்லாஸ்கரோ தனக்கு நேர்ந்ததை மறைக்கவில்லை. விடுதலையாகிக் கல்கத்தா திரும்பியதும், தன் பன்னிரண்டு வருடச் சிறை வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். சித்தம் கலங்கியதையும், அப்போது கண்ட பிரமைகளையும், மின்சாரம் பாய்ச்சியபோது உடம்பு பட்ட பாட்டையும் கூச்சமில்லாமல் பதிவு செய்திருக்கிறார். 1931ஆம் வருடம் மறுபடியும் கைதாகிப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் அந்தக் கல்யாணம். பெண்ணின் பெயர் லீலா. இளமையில் அவர் மனதில் இடம் பெற்றவர். தகப்பனார், லால்-பால்-பால் என்று நாம் பள்ளியில் படித்த மூவரில் ஒருவரான விபின் சந்திர பால். 1907ஆம் வருடம் சென்னைக் கடற்கரையில் பேசி பாரதியார் போன்றோரை ஆவேசம் கொள்ளச் செய்தவர். அடுத்த வருடம் அவருடைய விடுதலையைக் கொண்டாடியதை ஒட்டித்தான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். லீலா வேறொருவரை மணந்து, விதவையாகி, உடல் முடங்கிய நிலையில் இருந்தார். அந்த நிலையில் அவரை உல்லாஸ்கர் கைப்பிடித்தார். அஸ்ஸாமில் உள்ள சில்சாரில் குடித்தனம் நடத்தி, மனைவிக்கு வேண்டிய சிசுருஷைகளைத் தாமே செய்தார்.

படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்துக்கொள்வது எத்தனை சிரமம் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். அதற்கு எத்தனை நிதானமான மனம் வேண்டும்! சித்தம் கலங்கியவர் என்று ஆவணங்களில் முத்திரை குத்தப்பட்ட மனிதருக்கு அது இருந்தது. உல்லாஸ்கர் 1965 மே 17ஆம் தேதி சில்சாரில் காலமானார். அந்த ஊரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு நடந்த மாதிரி, மயக்க மருந்து தராமல் மின்சாரம் பாய்ச்சுவதை 2017ஆம் வருடத்து மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு உதவி, தமிழிலும் கிடைக்கிறது. சட்டமும் மருந்தும் வந்துவிட்டன. நம் வீடுகளில் கூச்சம்தான் இன்னும் போகவில்லை. பிள்ளைக்கோ பெண்ணுக்கோ மனதில் ஒரு சங்கடம் என்றால், ஜாதகத்தையும் சம்பந்தத்தையும் நினைத்து மூடி வைக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குணமாகி வந்தவரைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.