கமலா சோஹோனி அம்மையார்

நாம் உண்ணும் உணவு குருதியாகவும் தசையாகவும் மாறுவது எவ்வாறு? உள்ளிழுக்கும் மூச்சு உடம்பிற்கு ஆற்றல் தருவது எவ்வழியால்? நிலத்துள் இட்ட விதை முளைக்கும்போது அதனுள் நிகழும் மாறுதல்கள் யாவை? இத்தகைய வினாக்களுக்கு விடை காண முயலும் அறிவியல் துறைக்கு உயிர் வேதியியல் என்பது பெயர். இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற வேண்டும் என்று விழைந்து, பெண் என்னும் ஒரே காரணத்தால் மறுக்கப்பெற்று, பின்னர்த் தம் உறுதியால் அம்மறுப்பை வென்றவர் ஒருவர் உண்டு. அவரே கமலா சோஹோனி அம்மையார்.

அம்மையார் 1911-ஆம் ஆண்டில் இந்தூர் நகரில் பிறந்தார். தந்தையார் நாராயணராவ் பகவத் என்பவர். அவரும் அவருடைய உடன்பிறந்தாராகிய மாதவராவும் வேதியியல் வல்லுநர்கள். இருவரும் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர்கள். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் வள்ளன்மையால் 1909-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்தின் பெருமையைக் கேட்டு வளர்ந்த கமலாவுக்குத் தாமும் அங்கே சென்று ஆராய்தல் வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே உண்டாயிற்று. 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியலையும் இயற்பியலையும் பயின்று, உயர்ந்த மதிப்பெண்களுடன் இளநிலைப் பட்டம் பெற்றார். உடனே பெங்களூர்க் கழகத்திற்கு விண்ணப்பம் விடுத்தார்.

அந்நாளில் கழகத்தின் இயக்குநராக விளங்கியவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்று, நம் நாட்டிற்குப் புகழ் தேடித்தந்த சர் சி. வி. இராமன். அறிவியலில் அவர் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. எனினும், ஆய்வுக்கூடத்தில் பெண்களுக்கு இடமளித்தல் தகாது என்னும் எண்ணம் அவர்க்கு இருந்தது. அதனால் கமலாவின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தந்தையார் எடுத்துரைத்தும் பயன் விளையவில்லை. தகுதியில் குறை காட்டி மறுத்திருந்தால், அக்குறையை நிறைத்துக்கொள்ள முயலலாம். பிறப்பையே குறையாகக் கூறினால், யார்தான் என்ன செய்ய இயலும்?

கமலா மனம் தளர்ந்து வீட்டில் இருந்துவிடவில்லை. தாமே பெங்களூருக்குச் சென்றார். இயக்குநரை நேரிற் கண்டு, மறுப்புக்குக் காரணம் கேட்டார். காந்தியடிகள் நாட்டுக்குக் கற்பித்த சத்தியாக்கிரக நெறியைத் தாமும் மேற்கொண்டு, இடம் கிடைக்கும்வரை அவ்விடத்தை விட்டு நீங்குவதில்லை என்று உறுதியாக நின்றார். சினந்து பேசாமலும் கெஞ்சி நிற்காமலும் உரிமையைக் கேட்ட அப்பெண்ணின் திண்மைக்கு முன்னர் மறுப்பு நெகிழ்ந்தது.

ஆயினும், இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. மூன்று கட்டுப்பாடுகளோடு கிடைத்தது. முதல் ஓராண்டு அவர் முறையான மாணவியாகக் கருதப்படார். அவர்தம் உழைப்பைக் கண்ட பின்னரே இயக்குநர் முடிவு செய்வார் என்பது ஒன்று. ஆசிரியர் பணித்தால் இரவு நெடுநேரமும் வேலை செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஆய்வுக்கூடத்தில் உள்ள ஆடவர்தம் கவனம் கலைய அவர் காரணமாதல் கூடாது என்பது மூன்றாவது. உடன் பயின்ற ஆடவர் எவர்க்கும் இவை இல்லை. இக்கட்டுப்பாடுகள் அவர் உள்ளத்தைப் புண்படுத்தின. எனினும், கல்வியின் பொருட்டு அவற்றை ஏற்றார்.

அங்கே சீனிவாசையா என்னும் நல்லாசிரியர் அவருக்கு வாய்த்தார். அவர் கண்டிப்பு மிக்கவர். ஆயினும் மாணவர்தம் ஆர்வத்தை அறிந்து வளர்ப்பவர். அவருடைய வழிகாட்டுதலில் கமலா, பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். உடம்பின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது புரதம். ஊனும் முட்டையும் வாங்க இயலாத ஏழை மக்கள் அதனைப் பெரும்பாலும் பருப்பிலிருந்தே பெறுகின்றனர். ஆகவே, அவ்வாராய்ச்சி நாட்டு மக்களின் பசியோடும் நலத்தோடும் தொடர்புடையது.

ஓராண்டு கழிந்தது. கமலாவின் உழைப்பும் ஒழுங்கும் இயக்குநரின் எண்ணத்தை மாற்றின. கமலா முறையான மாணவியாக ஏற்கப்பட்டார். அதனினும் சிறந்த செய்தி மற்றொன்று உண்டு. அதன்பின் பிற பெண்களுக்கும் கழகத்தின் கதவு திறந்தது. ஒருத்தி பெற்ற வெற்றி பலருக்கு வழியாயிற்று. 1936-ஆம் ஆண்டில் கமலா சிறப்புத் தகுதியுடன் முதுநிலை அறிவியல் பட்டம் பெற்றார்.

பின்னர் உதவித்தொகை பெற்று, இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற பிரடெரிக் கௌலண்டு ஹாப்கின்ஸ் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கு ராபின் ஹில் என்னும் அறிஞருடன் தாவரங்களை ஆராய்ந்தபோது, உருளைக்கிழங்கில் சைட்டோகுரோம் சி என்னும் பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். இஃது இரும்பு அடங்கிய ஒரு புரதம். உயிரணுக்கள் மூச்சுக்காற்றைக் கொண்டு ஆற்றல் பெறுவதற்குத் துணைசெய்வது. விலங்கும் மனிதரும் மூச்சுவிடும் முறைக்கும் செடிகொடிகள் மூச்சுவிடும் முறைக்கும் உள்ள ஒற்றுமை இதனால் தெளிவாயிற்று. இவ்வாய்வைப் பற்றி அவர் எழுதிய ஏடு ஏறத்தாழ நாற்பது பக்கமே உடையது. அதற்கு 1939-ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் கிடைத்தது. ஏட்டின் பருமன் அன்று, அதன் உட்பொருளே மதிக்கத் தக்கது என்பதற்கு இது சான்றன்றோ? அறிவியலில் அப்பட்டம் பெற்ற இந்திய மகளிரின் முதல் வரிசையில் அவர் இடம்பெற்றார்.

அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பி, டெல்லியில் உள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் உயிர் வேதியியல் துறைக்குத் தலைமை தாங்கினார். பின்னர், நம் நீலகிரி மலையில் குன்னூரில் அமைந்திருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் துணை இயக்குநராகப் பணிபுரிந்தார். 1947-ஆம் ஆண்டில் எம். வி. சோஹோனி என்பாரை மணந்து பம்பாய்க்குச் சென்று, அங்குள்ள அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். பருப்பு வகைகளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உள்ளமையைத் தம் மாணவர்களோடு ஆராய்ந்தார். குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்களின் தூண்டுதலால், பனை இனத்து மரங்களிலிருந்து இறக்கப்படும் நீரா என்னும் புளிக்காத இனிய சாற்றையும் ஆராய்ந்தார். நம் ஊர்ப் பதநீரை ஒத்த அச்சாற்றில் வைட்டமின்களும் இரும்புச் சத்தும் உள்ளன என்றும், ஊட்டம் குன்றிய மக்களுக்கு அஃது ஏற்றது என்றும் காட்டினார். இப்பணிக்காகக் குடியரசுத் தலைவர் விருது பெற்றார்.

காலம் தாழ்த்தே கிட்டிய இயக்குநர் பதவியையும் வகித்துச் சிறப்பாகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின்னர், நுகர்வோர் நலனுக்காகவும் உணவுக் கலப்படத்தை எதிர்த்தும் தொண்டு செய்தார். இளமையில் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை முதுமையிலும் அவர் மறைக்கவில்லை. அவையில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். பெரியோர் செய்த பிழையும் பிழையே என்பதை நாடு அறிதல் வேண்டும் என்று கருதினார் போலும். 1998-ஆம் ஆண்டில் டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவரைப் பாராட்ட எடுத்த விழாவிலேயே மயங்கி வீழ்ந்து, சின்னாளில் உயிர் நீத்தார்.

மாணவச் செல்வங்களே! இன்று பெண்கள் ஆய்வுக்கூடத்திற்குச் செல்வது எவர்க்கும் வியப்பளிப்பதில்லை. அவ்வழி தானே அமைந்ததன்று. ஒருவர் நின்று கேட்டார். கிடைத்த இடத்தில் அயராது உழைத்துத் தம் தகுதியை நிலைநாட்டினார். உரிமையைக் கேட்கும் துணிவும் அதனைக் காக்கும் உழைப்பும் ஒருங்கே வேண்டும் என்பதே அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.