தேசத்தின் வருமானத்தை அளந்த பெரியார் தாதாபாய் நௌரோஜி

ஒரு தேசத்து ஜனங்கள் செல்வரோ வறியரோ என்பதைக் கண்ணால் மட்டும் கண்டு முடிவு செய்தல் இயலாது. மாளிகையைக் கண்டவன் நாடு செழிப்பென்பான். குடிசையைக் கண்டவன் நாடு பஞ்சமென்பான். இரண்டையும் ஒருங்கே அளந்து காட்டவல்லது கணக்கு ஒன்றே. அக்கணக்கை இந்திய தேசம் முழுமைக்கும் முதன்முதல் செய்து, அதனையே ஆயுதமாகக் கொண்டு அரசாங்கத்தாரோடு வாதிட்ட பெருந்தகை தாதாபாய் நௌரோஜி ஆவர். அன்னாரது சரித்திரம் நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் அறியத்தக்கது.

தாதாபாய் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் ஒரு பார்ஸி புரோகிதர் குடும்பத்திற் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாகும்போதே தந்தையார் காலமாயினார். எழுத்தறியாத தாயார் மாணெக்பாய், வறுமையினூடே மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். அக்காலத்துப் பம்பாயில் கல்விக்குச் சம்பளம் வாங்கப்படாமையால் அஃது இயலுவதாயிற்று. தாம் இலவசமாய்ப் பெற்ற கல்வி ஏழைக் குடிகள் செலுத்திய வரியினால் வந்தது என்பதைத் தாதாபாய் என்றும் மறந்தாரல்லர். அக்கடனைப் பொதுஜன சேவையால் தீர்ப்பதே தம் வாழ்வின் கடமையென்று துணிந்தார்.

எல்பின்ஸ்டன் கலாசாலையில் அவர் காட்டிய திறமையைக் கண்ட நீதிபதி ஸர் எர்ஸ்கின் பெர்ரி என்பார், அவரைச் சட்டம் பயிலச் சீமைக்கு அனுப்ப விரும்பி, செலவிற் பாதியைத் தாமே தர முன்வந்தார். பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்று அஞ்சிய பார்ஸி முதியோர் அதற்கு இசையவில்லை. குலத்தாரின் அச்சத்தால் ஒரு வாய்ப்பு நழுவியபோதும் தாதாபாய் தம் குலத்தாரை வெறுத்தொதுக்கவில்லை. 1849-இல் நண்பர்களுடன் கூடிப் பெண்களுக்குப் பாடசாலைகள் நிறுவினார். 1851-இல் பார்ஸி சமூகச் சீர்திருத்தச் சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவராகி, அவ்வாண்டிலேயே ராஸ்த் கோப்தார் என்னும் பத்திரிகையையும் தொடங்கினார். எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணிதப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் இந்தியரும் அவரே.

1855-இல் காமா கம்பெனியாரின் பங்காளியாக இங்கிலாந்து சென்றார். பின்னர் அதனின்று விலகித் தாமே பஞ்சு வியாபாரம் நடத்தினார். இங்கிலாந்தின் செல்வத்தை நேரிற் கண்ட அவருக்கு, இந்தியனொருவனுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கின்றது என்னும் கேள்வி உள்ளத்தை வருத்துவதாயிற்று. அரசாங்கத்தார் தேசம் செழிக்கின்றது என்றனர். கணக்கு ஒன்றும் காட்டினாரல்லர். ஆகவே தாதாபாய், மாகாண அறிக்கைகளிலிருந்தே விளைநிலப் பரப்பு, மகசூல், விலை ஆகியவற்றைத் திரட்டினார். 1867 முதல் 1870 வரையுள்ள காலத்தில் 17 கோடி ஜனங்களுக்கு 34 கோடி பவுன் வருமானம், அஃதாவது தலைக்கு ஆண்டொன்றுக்கு 40 ஷில்லிங், 20 ரூபாய் என்று கண்டார். இதனை விரித்து 1876-இல் பம்பாயில் வாசித்தார். சிறைக்கைதிக்கு உணவும் உடையும் தர அரசாங்கம் செலவிடுவதைக் காட்டிலும் சுயாதீனமுள்ள உழைப்பாளிக்குக் கிடைப்பது குறைவு என்பதையும் எடுத்துக் காட்டினார்.

அவர் கண்டுபிடித்த பிழையொன்று இன்றும் நினைக்கத்தக்கது. அறிக்கைகளில் ஜில்லாக்களின் சராசரி மகசூல்களைக் கூட்டி, ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்து, மாகாணத்தின் சராசரி என்று எழுதியிருந்தனர். நம்மூர் நிலங்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். கண்மாய்ப் பாசன நஞ்சை 10 ஏக்கரில் ஏக்கருக்கு 20 மூட்டையும், மானாவாரிப் புஞ்சை 90 ஏக்கரில் ஏக்கருக்கு 4 மூட்டையும் விளைவதாகக் கொள்வோம். இருபதையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 12 வரும். உண்மையிலோ 100 ஏக்கரில் விளைந்தது 560 மூட்டையே, சராசரி 5.6. இங்ஙனம் வறுமை மறைந்துபோனதைத் தாதாபாய் வெளிப்படுத்தினார்.

அரசாங்கத்தார் மறுகணக்குச் செய்து, 1882-இல் தலைக்கு 27 ரூபாய் என்றனர்; 1901-இல் கர்ஸன் பிரபு 30 ரூபாய் என்றார். தாதாபாயின் கணக்கிற் சேவைத் தொழில்களின் வருமானம் சேரவில்லை என்று பிற்காலப் பொருளாதார நூலோர் குறை கூறினர். ஆயினும், அரசாங்கத்தை எண்கொண்டு விடை சொல்ல வைத்த பெருமை அவருடையதே. 1892-இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க வாக்குகள் மிகுதியாய்ப் பெற்றுப் பார்லிமெண்டு புகுந்தார். 1886, 1893, 1906 ஆகிய ஆண்டுகளிற் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். 1901-இல் இந்திய வறுமை குறித்த தம் பெருநூலை வெளியிட்டார். 1917-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், 91-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நிற்க. அவர் காலத்திலேயே கணக்கு கிராமத்தை நோக்கி நடக்கத் தொடங்கிற்று. 1915-இல் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணாக்கரைக் கொண்டு கிராமங்களை ஆராய்வித்து 1918-இல் நூலாக்கினார். அவற்றுள் வடமலாபுரம் நம் சேத்தூர் அந்நாளிற் சேர்ந்திருந்த இராமநாதபுரம் ஜில்லாவினது. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கியபின் வீடுதோறும் கேட்டறிதல் வழக்கமாயிற்று.

2022-23-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரி 3,773 ரூபாய். நகரங்களில் 6,459 ரூபாய். சர்க்கார் இலவசமாய் அளித்த பொருள்களின் மதிப்பையும் கூட்டியபோது அவை முறையே 3,860, 6,521 ஆயின. ஆயினும் சராசரி என்பது மேலே கண்ட நஞ்சையையும் புஞ்சையையும் போல் ஏற்றத்தாழ்வை மறைக்கவல்லது என்பதை மறத்தலாகாது.

இக்கணக்குகளுக்கெல்லாம் மூலம் நம் வீட்டு வாயிலில் நாம் சொல்லும் விடையே. பெண் கொள்ளுமிடத்தில் ஒரு வருமானமும், கணக்கெடுப்போரிடத்தில் வேறொரு வருமானமும் கூறும் வழக்கம் நம்மவரிடையே இல்லையென்று யார் சொல்லவல்லார்? உள்ளதைச் சொன்னால் உதவி நின்றுவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். 2023-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய் என்று வரம்பு வைக்கப்பட்டமையால் இவ்வச்சம் மிகுந்தது. ஆனால் உதவிக்கு விண்ணப்பித்தல் வேறு, கணக்கெடுப்பு வேறு. தனிக் குடும்பத்தின் விவரத்தை வெளியிடலாகாதென்று 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் தடுக்கின்றது. பொய்க் கணக்கினால் உண்மையில் நலிவோர் நம்முள் வறியவரான விதவையரும் கூலிக்காரருமே; அவர்தம் வறுமை ஏட்டில் ஏறாதொழியும்.

ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரும் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிவருதல் வேண்டும். கேட்போர்க்கு உள்ளதை உள்ளபடி உரைத்தல் வேண்டும். பொதுஜனங்களின் வரியாற் படித்த ஓர் ஏழை விதவையின் மகன், அந்த ஜனங்களின் வறுமையை உலகறியச் செய்தார். இலவசக் கல்வியும் உதவிச் சம்பளமும் பெறும் நம் பிள்ளைகள் அக்கடனை உணர்ந்து நடப்பார்களாக.