புரோமின் கண்ட பலார்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலுக்கு அண்மையில் மோன்பெலியே என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அந்நகரில் 1802ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள், எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் அந்துவான் ழெரோம் பலார். பெற்றோர்க்குப் பிள்ளையை மேற்கொண்டு படிக்கவைக்கும் வசதி இல்லை. அவருக்கு ஞானத்தாயாக நின்ற அம்மையாரே சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, தம் பொறுப்பில் வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பினார். வேதியியல் நூல்களில் அவ்வம்மையாருக்கு இடமில்லை. இடம் தந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பலார் அந்நகரிலேயே ஆய்வுக்கூட உதவியாளராக அமர்ந்தார். பேராசிரியர் வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளுக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்வது அவர் பணி. அதனோடு மருந்தியலும் பயின்றார்.

மோன்பெலியேயைச் சூழ்ந்து உப்பளங்கள் பல இருந்தன. உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரையும், கடற்பாசியை எரித்த சாம்பலின் கரைசலையும் இளைஞர் பலார் ஆராயத் தொடங்கினார். அவர் தேடியது அயோடினை. அது 1811இல் குர்த்துவா என்பவரால் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டறியப்பட்ட தனிமம். கரைசலில் சிறிது கஞ்சி சேர்த்துக் குளோரின் நீரை மேலே மெல்ல ஊற்றினால், அயோடின் வெளிப்பட்டுக் கஞ்சியை நீலமாக்கும். பாசிச் சாம்பற் கரைசலில் அவ்வாறே நீலப் படலம் தோன்றியது. ஆனால் அதற்கு மேலே, குளோரின் நீர் பட்ட இடத்தில், ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறப் படலம் ஒன்றும் நின்றது. உப்பளக் கசப்பு நீரிலோ நீலம் தோன்றாமல் மஞ்சள் மட்டுமே தோன்றியது.

வேறொருவராயின், தேடிய நீலம் கிடைத்ததே என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். பலார் அந்த மஞ்சளை விடவில்லை. ஈதரைச் சேர்த்துக் குலுக்க, நிறம் முழுவதும் ஈதருக்கு ஏறியது. அதனுடன் பொட்டாஷ் கரைசலைச் சேர்க்க நிறம் மறைந்து, ஓர் உப்பு கிடைத்தது. அவ்வுப்பை மாங்கனீசு டை ஆக்சைடுடனும் கந்தக அமிலத்துடனும் சூடாக்கி வடிக்க, செந்நிற ஆவி எழுந்து, குளிர்ந்து, கருஞ்சிவப்பு நீர்மமாகச் சொட்டியது.

இது குளோரினும் அயோடினும் சேர்ந்த கூட்டுப்பொருளோ என்ற ஐயம் அவருக்கே முதலில் எழுந்தது. அவ்வாறாயின் அதிலிருந்து அயோடின் பிரிந்து கஞ்சியை நீலமாக்க வேண்டும். எத்தனை முறை முயன்றும் நீலம் வரவில்லை. அப்பொருளைப் பிரிக்கவும் இயலவில்லை. ஆகவே இது புதிய தனிமம் என்று துணிந்து 1826இல் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 23. இதே நீர்மம் செருமானியப் பேரறிஞர் லீபிக்கின் கைக்கும் முன்னரே வந்திருந்தது. அவர் அதனை அயோடின் குளோரைடு என்று எண்ணி, அப்பெயரையே எழுதி ஒட்டி வைத்துவிட்டார் என்பர்.

பாரிசு அறிவியற் கழகம் வொக்லேன், தெனார், கே-லுசாக் ஆகிய மூவரைக் கொண்டு பலாரின் முடிவைச் சோதித்து ஏற்றது. அவர் வைத்த மியூரைடு என்ற பெயரை மட்டும் மாற்றி, தீநாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து புரோமின் என்று பெயரிட்டது.

நம் மாணவர் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் பலார் செய்த சோதனையின் வழிவந்ததே. சோடியம் குளோரைடு, சோடியம் புரோமைடு, சோடியம் அயோடைடு ஆகிய மூன்று கரைசல்களும் நீர்போல் நிறமற்றவை. பார்த்து அறிய இயலாது. ஒவ்வொன்றிலும் குளோரின் நீரும், ஹெக்சேன் போன்றதொரு கரைப்பானும் சேர்த்துக் குலுக்கினால், புரோமைடில் கரைப்பான் ஆரஞ்சு நிறமும், அயோடைடில் ஊதா நிறமும் பெறும், குளோரைடில் மாற்றமில்லை. எலக்ட்ரானைக் கவரும் வலிமை குளோரினுக்கு மிகுதி, புரோமினுக்குக் குறைவு, அயோடினுக்கு இன்னும் குறைவு. அணு பெரிதாகப் பெரிதாக, வெளிக்கூட்டில் வந்து சேரும் எலக்ட்ரான் உட்கருவிலிருந்து விலகி நிற்பதே காரணம். எனவே வலியது எளியதை உப்பிலிருந்து வெளியேற்றும். புரோமின் அயோடினை வெளியேற்றும், குளோரினை வெளியேற்றாது. நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர், வெள்ளி நைட்ரேட்டு தரும் வெள்ளை, பாலேட்டு நிறம், மஞ்சள் என்ற வீழ்படிவுகளைக் குழப்பிக்கொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வரிசையை உணர்ந்தவருக்கு அக்குழப்பம் குறைவு.

பலாரின் தனிமம் இவ்வரிசையின் நடுவில் சரியாக அமர்ந்தது. குளோரினின் அணு எடை 35.5, அயோடினின் அணு எடை 127. இரண்டின் சராசரி ஏறத்தாழ 81. புரோமினுடையது 80. 1829இல் டோபரைனர் இம்மூன்றையும் ஒரு மும்மையாகச் சுட்டினார். 1869இல் மெண்டலீவ் ஆவர்த்தன அட்டவணையை வகுத்தபோது பலார் உயிருடன் இருந்தார்.

1841இல் தெனாருக்குப் பின் அவர் பாரிசில் பேராசிரியரானார். கடல்நீரிலிருந்து பொட்டாசிய உப்புகளை எடுக்கும் முறையில் பல்லாண்டுகள் உழைத்தார். செருமானிய நாட்டின் ஸ்டாஸ்பர்ட்டு சுரங்கங்களில் அவ்வுப்புகள் மலிவாகக் கிடைக்கவே அவ்வுழைப்பு பயனற்றுப் போயிற்று. ஆயினும் இளைஞர்க்கு இடந்தருவதில் அவர் குறைவைக்கவில்லை. 1846இல் பாஸ்டர் என்னும் இளம் பட்டதாரியைத் தூர்னோன் என்ற ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்ப அரசு முனைந்தபோது, பலார் வாதாடித் தடுத்து, அவரைத் தம் ஆய்வுக்கூட உதவியாளராக வைத்துக்கொண்டார். 1876இல் பலார் பாரிசில் காலமானார்.