பழைய சரக்கில் புதிய விளையாட்டு!

கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இடது கட்டை விரல் படும் இடத்தில் கூட்டல் குறி போல ஒரு பொத்தான் இருக்கும். மேல் நுனியை அழுத்தினால் திரையில் உள்ள வீரன் மேலே போவான். கீழ் நுனியை அழுத்தினால் கீழே வருவான். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் கூட்டல் குறியும் ஒருவர் மூளையைக் கசக்கி உருவாக்கியதுதான். அவர் பெயர் குன்பெய் யோகோய். ஜப்பான் நாட்டுக்காரர்.

அவர் கதையைச் சொல்லும் முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வீடியோ கேம் என்றாலே எனக்கு ஆகாது. ஓய்வு பெற்ற பிறகு, கோடை விடுமுறைக்கு வந்த என் பேரன் 'ரோல் பிளேயிங் கேம்' என்ற வகையை எனக்குக் கற்றுக் கொடுத்தான். இது கார் ஓட்டுவது, சுடுவது போன்ற விளையாட்டு அல்ல. கதைக்குள் ஒரு பாத்திரமாகவே நீங்கள் மாறிவிடுவீர்கள். சிறிய கிராமத்தில் இருந்து வெறுங்கையோடு கிளம்புவீர்கள். வழியில் பூதங்களோடு சண்டை, ஊர் மக்களோடு பேச்சு, கிடைத்த காசில் ஒரு வாள், கேடயம். சண்டை போடப் போட உங்கள் பலம் கூடும். என் வீரன் முதல் இரண்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை. ஒரு சின்னப் பூச்சியிடம் அடி வாங்கிச் செத்துக்கொண்டே இருந்தான். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்த வகை விளையாட்டு ஐந்து நிமிடத்தில் முடியாது. இருபது, முப்பது மணி நேரம் ஆகும். வாரா வாரம் தொடர்கதை படிப்பது போல, விட்ட இடத்தில் இருந்து தொடர வேண்டும். அப்படியானால் கருவியின் பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாது. விரல் வலிக்கக் கூடாது. விலையும் வீட்டுக்குக் கட்டுப்படியாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யோகோயின் வாழ்க்கைக்கு வருவோம்.

அவர் 1941 செப்டம்பர் 10 அன்று கியோட்டோ நகரில் பிறந்தார். அங்கேயே டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். வகுப்பில் முதல் வரிசை மாணவர் அல்லர். பெரிய மின்னணு நிறுவனங்களில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் 1965-ல் உள்ளூரிலேயே இருந்த நின்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார்.

நின்டெண்டோ என்றதும் வீடியோ கேம் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். அது 1889-ல் தொடங்கப்பட்ட சீட்டுக்கட்டு நிறுவனம். பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகளைத் தயாரித்து வந்தது. அந்தச் சீட்டுகளைச் செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் யோகோயின் வேலை. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை! பொழுது போகாமல், ஆலையில் இருந்த கருவிகளைக் கொண்டு தனக்குத் தானே விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் செய்தது நீளும் கை. நகைக்கடை வாசலில் இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும் இரும்புக் கதவைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே போலப் பெருக்கல் குறிகளாகப் பிணைத்த சட்டங்கள். கைப்பிடியைச் சேர்த்து அழுத்தினால் சட்டென்று முன்னே நீண்டு, தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விப் பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்து ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார் நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி. கண்டிப்புக்குப் பெயர் போனவர். யோகோயைத் தன் அறைக்கு வரச் சொன்னார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப் போகிறது என்று நடுங்கிக்கொண்டே போனார் யோகோய். தலைவரோ, அதையே விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய்து தரும்படி உத்தரவு போட்டார்! 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பையன் நினைவு வந்தது. பேனா ஸ்பிரிங்கையும் ரப்பர் பேண்டையும் வைத்து, சாக்பீஸ் துண்டை எறியும் கருவி ஒன்று செய்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். நான் அதைப் பிடுங்கி மேசை அறையில் போட்டுப் பூட்டினேன். அது எப்படி வேலை செய்கிறது என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவன் எங்கே இருக்கிறானோ!

யோகோய் பராமரிப்பு வேலையை விட்டுப் பொம்மை செய்யும் வேலைக்கு மாறினார். வீட்டுக்குள் பந்து வீசும் இயந்திரம், ஒளியால் சுடும் துப்பாக்கி என்று பல பொம்மைகள் வந்தன. எதிலும் விலை உயர்ந்த புதுமை கிடையாது. மற்றவர்கள் பயன்படுத்திச் சலித்த, மலிவாகக் கிடைக்கிற, நம்பகமான பொருளை எடுப்பார். அதை யாரும் நினைக்காத வேறு வேலைக்குத் திருப்பிவிடுவார். காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது என்று அவர் இதற்கு விளக்கம் சொல்வார்.

1970-களின் கடைசியில் ஒருநாள் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அருகில் ஒருவர் பொழுது போகாமல் தன் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். யோகோய்க்குப் பொறி தட்டியது. பெரியவர்கள் பொது இடத்தில் விளையாட வெட்கப்படுவார்கள். கைக்குள் மறையும் அளவுக்குச் சின்னதாக ஒரு விளையாட்டுக் கருவி இருந்தால்? அப்போது கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் பெரும் போட்டி. அதனால் அதன் திரையும் சில்லும் மலிவாகிவிட்டிருந்தன.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. தலைவர் யமாவுச்சியின் கார் ஓட்டுநர் ஒருநாள் உடம்பு சரியில்லாமல் வரவில்லை. தலைவரின் கார் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வெளிநாட்டுக் கார். அப்படிப்பட்ட காரை ஓட்டிப் பழகியவர் யோகோய். எனவே அன்று அவரே ஓட்டினார். வழியில் சும்மா இருக்க முடியாமல் தன் யோசனையைச் சொன்னார். தலைவர் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? கால்குலேட்டர் திரை தயாரிக்கும் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர்! சில நாள் கழித்து ஷார்ப் அதிகாரிகள் நின்டெண்டோவுக்கே வந்துவிட்டார்கள்.

இப்படிப் பிறந்ததுதான் 'கேம் அண்ட் வாட்ச்'. முதல் கருவி 1980 ஏப்ரல் 28 அன்று வெளிவந்தது. பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் எளிய விளையாட்டு. விளையாடாத நேரத்தில் அது கடிகாரம். இந்த வரிசையில் ஏறத்தாழ 60 கருவிகள் வந்தன. மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றன.

1982-ல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டை இந்தச் சிறிய கருவிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான்கு திசையிலும் ஆளை நகர்த்த வேண்டும். கடைகளில் இருந்த பெரிய இயந்திரங்களில் இதற்குக் குச்சி போன்ற பிடி இருக்கும். ஆனால் இந்தக் கருவியோ புத்தகம் போல மூடி, சட்டைப்பையில் வைப்பது. குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் எப்படி மூடுவது? யோகோய் குச்சியையே எடுத்துவிட்டார். தட்டையான கூட்டல் குறியை வைத்தார். கண்ணால் பார்க்காமலே கட்டை விரல் திசையை உணர்ந்துகொள்ளும். 1983-ல் டி.வி.யில் இணைத்து விளையாடும் நின்டெண்டோ கருவியிலும் அதே பொத்தான் இடம் பிடித்தது. 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்', 1987-ல் 'ஃபைனல் ஃபேன்டசி' என்று ரோல் பிளேயிங் விளையாட்டுகள் அந்த டி.வி. கருவியில் வந்தபோது, ஜப்பான் பிள்ளைகள் தங்கள் வீரனை நடத்திச் சென்றது இந்தக் கூட்டல் குறியால்தான்.

அடுத்தது 'கேம் பாய்'. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளிவந்தது. யோகோயின் குழு உருவாக்கிய இந்தக் கருவியில் கேசட் போல விளையாட்டை மாற்றி மாற்றிப் போடலாம். ஆனால் திரையைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வண்ணம் கிடையாது. பச்சை கலந்த மங்கல் திரையில் நான்கே நான்கு சாயல்கள். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. இருட்டில் விளையாட முடியாது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் பளபளக்கும் வண்ணத் திரையோடு 'லின்க்ஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வந்தது. அதிலும் வண்ணம். கேம் பாய் கதை முடிந்தது என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

யோகோய் கணக்கு வேறு. வண்ணத் திரைக் கருவிகள் ஆறு பென்சில் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. கருவியைப் பெற்றோர் வாங்கித் தருவார்கள். பேட்டரி? பிள்ளைகளின் கைச்செலவுக் காசில்தானே வாங்க வேண்டும்! என் பேரனின் முப்பது மணி நேரக் கதையை நினைத்துப் பாருங்கள். பூதத்தின் குகை வாசலில் பேட்டரி தீர்ந்துபோனால் எப்படி இருக்கும்?

1989 டிசம்பரிலேயே கேம் பாய்க்கு முதல் ரோல் பிளேயிங் விளையாட்டு வந்துவிட்டது. அதை ஸ்கொயர் நிறுவனம் தயாரித்தது. கேசட்டுக்குள் இருந்த சிறிய பேட்டரி, விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மங்கல் திரையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கதை நடக்கும்போது வண்ணத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். ராணி காமிக்ஸ் கறுப்பு வெள்ளையில் படித்து வளர்ந்த உங்கள் அப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

எப்போதும் வெற்றிதானா? இல்லை. 1995-ல் யோகோய் 'வெர்ச்சுவல் பாய்' என்ற கருவியை உருவாக்கினார. மேசை மேல் வைத்து, அதற்குள் முகத்தைப் புதைத்துப் பார்க்க வேண்டும். காட்சி முப்பரிமாணத்தில் தெரியும். ஆனால் எல்லாமே சிவப்பு நிறம்! சிலருக்குத் தலை வலித்தது. சிலருக்குக் கழுத்து வலித்தது. ஓர் ஆண்டுக்குள் கடைகளில் இருந்து மறைந்தது. பெட்டிக்குள் முகத்தை வைத்தவர் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து விளையாடவும் முடியாது. இதுவே பெரிய குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் சேர்ந்து விளையாடுவதற்காகவே அவர் முன்பு கேம் பாயில் ஒரு சின்னத் துளை வைத்திருந்தார். இரண்டு கருவிகளை ஒரு வயரால் இணைக்கலாம். ஆரம்பத்தில் அது போட்டி விளையாட்டுகளுக்குப் பயன்பட்டது. அதைப் பார்த்த சடோஷி தஜிரி என்ற இளைஞர் வேறு விதமாக யோசித்தார். அவர் சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்த வயர் வழியாகப் பூச்சி ஒன்று ஒரு கருவியில் இருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின் 1996 பிப்ரவரி 27 அன்று அது ஒரு ரோல் பிளேயிங் விளையாட்டாக வெளிவந்தது. நீங்கள் எல்லோரும் அறிந்த போக்கிமான்தான் அது! சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட்டுகள். ஒன்றில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றதில் கிடைக்காது. நண்பனோடு பண்டமாற்று செய்தால்தான் முழுத் தொகுப்பும் சேரும். ஏழு வயதான கேம் பாய் மறுபடி விற்கத் தொடங்கியது. பின்னாளில் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஆனால் அதைக் கண்டு மகிழ யோகோய் அந்த நிறுவனத்தில் நீண்ட நாள் இல்லை. 1996 ஆகஸ்டில், 31 ஆண்டு வேலைக்குப் பிறகு விலகினார். வெர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பலரும் பேசினார்கள். ஐம்பது வயதை ஒட்டி விலகித் தனியாகத் தொழில் செய்ய முன்பே எண்ணியிருந்ததாக அவர் விளக்கினார். கோட்டோ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கைக்கருவி ஒன்றை உருவாக்கும் வேலையில் இறங்கினார்.

1997 அக்டோபர் 4 அன்று, இஷிகாவா மாநிலத்தில் உள்ள நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்னால் போன லாரியில் மோதியது. என்ன ஆயிற்று என்று பார்க்கக் கீழே இறங்கினார். அப்போது வேகமாக வந்த இன்னொரு வாகனம் அவர் மீது மோதியது. 56 வயதிலேயே அவர் மறைந்தார்.

அவர் பாதியில் விட்ட கருவியை மற்றவர்கள் செய்து முடித்தார்கள். 1999 மார்ச் 4 அன்று 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கூடவே வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரை நினைவுபடுத்தும்படி 'குன்பெய்' என்று பெயர் வைத்தார்கள். திரையில் வழக்கம்போல வண்ணம் இல்லை. விலை 4,800 யென். கேம் பாய் வெளிவந்தபோது விற்ற விலையில் பாதிகூட இல்லை. நிலைக்குத்தாகவும் பிடிக்கலாம், படுக்கையாகவும் பிடிக்கலாம். ஏறக்குறைய முப்பது மணி நேரம் ஓடும். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பென்சில் பேட்டரி.