கதைக்குள் யாழ் கண்ட அடிகளார்

வைகாசிக் குளிர்த்தியிலே கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்தோர் நாம். முறை தவறிய மன்னனை அறமே வீழ்த்தும், முன்வினை தேடிவந்து சேரும் என்று வரலாற்றைக் காணும் கதை அது. ஒரு நங்கையின் சினத்தால் மதுரை எரிந்ததை முதியோர் மெய்யென்பர். இளைஞருட் சிலர் வெறுங் கற்பனை என்பர்.

காரைதீவிலே 1892இல் மயில்வாகனனாய்ப் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1924இல் துறவு பூண்ட விபுலாநந்த அடிகளார் சென்ற வழி வேறு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கணிதங்கொண்டு ஆராய்ந்தார். சுருதிகளை அளந்து, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பைக் கண்டார். தெய்வக்கதை சொன்ன இளங்கோ இசைச்செய்தியிற் பிழைபடார் என்ற நம்பிக்கையின்றி அம்முயற்சி நிகழ்ந்திராது என்பது எமது எண்ணம். நமது வாவியில் எழும் இன்னிசையை மீன்பாட்டு என்பர் பலர். அளவுகோல் பிடித்த அதே அடிகளாரோ, நீரரமகளிர் பாடுவதாகக் கவிதை செய்தார்!

1947 யூன் 5, 6ஆந் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே 'யாழ் நூல்' அரங்கேறியது. நோயால் நலிந்திருந்த அடிகளார் அதன்பின் ஆறு கிழமையே இருந்தார். யூலை 19இல் மறைந்த அவர், கல்லடி உப்போடையிலே தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கமாயுள்ளார்.