கொடையும் கூலியும்

தறி ஓய்ந்தால் நெசவாளி வீட்டில் அடுப்பும் ஓயும். ஸ்காட்லாந்திலே, டன்ஃபெர்ம்லின் ஊரிலே, வில்லியம் கார்னெகி வீட்டில் அதுதான் நடந்தது. நீராவித் தறி வந்தது, கைத்தறி நின்றது. கடன் வாங்கிய பணத்தில் 1848இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது குடும்பம். மூத்த மகன் ஆண்ட்ரூவுக்கு அப்போது வயது 12.

பிட்ஸ்பர்க்கை அடுத்த அலகேனி நகரத்துப் பஞ்சாலையில் பாபின் மாற்றும் வேலை. இருட்டில் போவான், இருட்டில் திரும்புவான். நாளுக்கு 12 மணி நேரம். வாரக் கூலி 1 டாலர் 20 செண்ட்!

பிறகு தந்தி கொண்டுபோகும் பையனானான். கர்னல் ஆண்டர்சன் என்பவர் தம் வீட்டில் இருந்த சுமார் 400 புத்தகங்களை, சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டார். ஏழைச் சிறுவனின் அறிவுப் பசி அங்கேதான் தீர்ந்தது.

தந்தி, ரயில்வே, பாலம் என்று படிப்படியாக ஏறினார் கார்னெகி. 1875இல் பிரடாக்கில் எஃகு ஆலையின் உலை மூண்டது. தண்டவாளங்கள் நீண்டன, நகரங்கள் வீங்கின. பிழைக்க வழியற்ற ஸ்லோவாக்கியரும் ஹங்கேரியரும் கப்பல் கப்பலாக வந்து உலைமுன் நின்றனர்.

சங்கம் அமைப்பது தொழிலாளியின் உரிமை என்று 1886இல் ஏட்டிலே எழுதினார் கார்னெகி. அது கை எழுதிய எழுத்து. பை எழுதிய எழுத்து வேறு!

1892. ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பு. முதலாளி ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். ஆலை நிர்வாகி ஃபிரிக், முதலாளியின் இசைவோடு சங்கத்தை ஒழிக்கக் கிளம்பினார். கதவடைப்பு! 3,800 தொழிலாளரில் சங்கத்தார் ஏறத்தாழ 800 பேர்தான். ஆயினும் மற்றவரும், மொழி வேறான குடியேறிகளும் உடன் நின்றனர்.

ஜூலை 6 விடியலில், பிங்கர்ட்டன் கூலிப்படையினர் 300 பேர் ஆற்றுவழியே படகில் வந்தனர். பகலெல்லாம் துப்பாக்கிச் சண்டை. இரு தரப்பிலும் சுமார் 10 பேர் மாண்டனர், கூலிப்படை பணிந்தது. பின்னர் மாநிலப் படை வந்தது. யாரைக் காக்க? ஆலையைக் காக்க! நவம்பரில் போராட்டம் முறிந்தது, சங்கம் வீழ்ந்தது, 12 மணி நேர வேலை வேரூன்றியது.

1898இல் ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்காக எழுந்தது, கார்னெகி நூலகம்!

1901இல் ஆலைகளை 48 கோடி டாலருக்கு விற்றார். உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் அவர் பொருளால் எழுந்தன. நன்கொடைகள் மொத்தம் 35 கோடி டாலர் அளவு. இகழவில்லை, படிப்பகத்தின் அருமை நாம் அறியாததல்ல. ஆனால், 12 மணி நேரம் உலையில் வெந்தவனுக்குப் புத்தகம் திறக்குமுன் கண் மூடிக்கொள்ளுமே! பஞ்சாலைச் சிறுவனாக அதைப் பட்டறிந்தவர், பணக்காரரானதும் மறந்தார்.

1919 ஆகஸ்டு 11இல் கார்னெகி மறைந்தார். மறுமாதம் 22ஆம் நாள் எஃகுத் தொழிலாளர் சுமார் 3,50,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நூலகமா கேட்டார்கள்? 8 மணி நேர வேலை கேட்டார்கள், சங்க உரிமை கேட்டார்கள்! அன்று தோற்றனர். ஆயினும் 1923இல் 8 மணி நேரம் வரத் தொடங்கியது. கார்னெகி ஆலைகளை வாங்கிய நிறுவனம், 1937இல் சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதியது.

கொடை, கொடுப்பவன் மனம்போல் வரும்; போகும். கூலி உழைத்தவனின் உரிமை. தோழர்களே, முன்னதற்கு நன்றி சொல்லலாம். பின்னதைக் கேட்டே பெறவேண்டும்!