கொரோனா தடுப்பூசிக்கும் சென்னையில் வரைந்த ஒரு படத்துக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

கொரோனா சமயத்தில் முள்ளு முள்ளான அந்த வைரஸ் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அந்த முள், ஸ்பைக் எனப்படும் புரதம். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள், அது சரிதானா என்று ஒத்துப்பார்த்த சோதனைகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. பெயர், ராமச்சந்திரன் வரைபடம்.

யார் இவர்?

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க. அங்கே சர் சி.வி.ராமன் அவரை இயற்பியல் பக்கமே இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது வயது முப்பதை ஒட்டித்தான்.

கிரிக்குடன் என்ன தகராறு?

தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் நாண் வாங்கி ஆராய்ந்த ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954, 1955-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் விடவில்லை. மூன்று இழை சரி, ஆனால் இந்த மாடலில் அணுக்கள் ரொம்ப நெருக்கியடிக்கின்றன என்றார்கள்.

அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? வெளியாகியிருந்த படிக வடிவங்களை எல்லாம் அலசத் தொடங்கினார் ராமச்சந்திரன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. ஒவ்வொரு மணியிலும் முக்கியமாக இரண்டு இடத்தில்தான் முறுக்க முடியும். கண்டபடி முறுக்கினால் அணுவோடு அணு இடிக்கும். எந்தக் கோணம் நடக்கும், எது நடக்காது என்பதை சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனுடன் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் வரைந்து 1963-ல் வெளியிட்டார். இன்றும் ஒரு புரத மாடலின் புள்ளிகள் தடைப் பகுதியில் நிறைய விழுந்தால், எங்கோ தப்பு என்று அர்த்தம்.

தடுப்பூசியில் எப்படி?

ஸ்பைக் புரதம் செல்லுக்குள் நுழையும்போது சட்டென வடிவம் மாறும். மாறுவதற்கு முந்தைய வடிவத்தைக் காட்டினால்தான் உடம்பு நல்ல எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். அதற்காக ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் ஸ்பைக்கின் இரண்டு இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை மாற்றி வைத்தார்கள். புரோலின் லேசில் முறுங்காது, வரைபடத்தில் அதற்குக் கிடைப்பது குறுகலான இடம். அந்த விறைப்புதான் ஸ்பைக்கைப் பிடித்து நிறுத்தியது. (தடுப்பூசியையே ராமச்சந்திரன் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க!)

பின்னாளில் பெங்களூருவுக்கே திரும்பினார். சிடி ஸ்கேன் படங்களை உருவாக்கும் கணக்கிலும் அவர் பங்கு உண்டு. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் மட்டும் வரவில்லை. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டு, 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார். முதல் சார்ஸ் வைரஸ் சீனாவில் தலைகாட்டியது அதற்கு அடுத்த ஆண்டு.